மணப்பாட்டுக் குன்றும் சிவப்பு ஒட்டுப் பாயும்

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு சிவப்பு நூல் சேலை இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல சேலை, கரைகூட மங்கவில்லை. பிரித்தால்தான் தெரியும், இடுப்பில் சொருகும் உள்முந்தியில் ஒரு மூலை பெரிய சதுரமாக வெட்டப்பட்டிருப்பது. எலி கடித்ததல்ல. கத்தரிக்கோல் வைத்து நிதானமாக வெட்டி, நூல் பிரியாமல் இருக்க ஓரத்தை மடித்துத் தைத்திருக்கிறது. வெட்டியவன் என் அண்ணன். ஓரம் தைத்தவள் அவன் பெண்டாட்டி, என் மதினி. வெட்டிய துண்டும் அந்த மடிப்புக்குள்ளேயேதான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரே துணி என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

போன மாதம் கோயில் இளைஞர் குழுவிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். திருவிழா மலரில் போட வேண்டுமாம், 'நம் ஊரில் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கென்ன, எழுதிக் கொடுத்துவிட்டேன். குன்று, குன்றின்மேல் சிலுவைக் கோயில், அடியில் குகைக் கிணறு, கலங்கரை விளக்கம், ஆறு வந்து தேங்கும் கழிமுகம், கொஞ்சம் உள்ளே போனால் செம்மணல் மேடுகளாகக் கிடக்கும் தேரிக்காடு. பிள்ளைகள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு பீரோவைத் திறந்து அந்தச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறந்த ஊர்தான், ஆனாலும் அந்த இடங்களை எல்லாம் நான் கண் திறந்து பார்த்தது மதினியோடு நடந்த அந்த ஒன்றரை வருஷத்தில்தான். மலருக்குக் கொடுத்த பக்கத்தில் அதை எழுத முடியுமா? மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் மதினி எங்கள் வீட்டுக்கு வாழ வந்தாள். அவள் அப்பா எங்கள் ஊர்க்காரர்தான். சாத்தான்குளம் பக்கம் கருவாட்டுக் கடை போட்டவர், வியாபாரம் பிடித்துப்போய் அங்கேயே குடியிருந்துவிட்டார். ஆக மதினிக்குச் சொந்தபந்தம் எல்லாம் கடற்கரை, வளர்ந்ததெல்லாம் தேரி. சின்ன வயதில் ஒருமுறை திருவிழாவுக்கு வந்தபோது அலை காலை வாரிவிட்டதாம், அன்றைக்குப் பிடித்த பயம் அவளை விடவே இல்லை. வந்த புதிதில் கடல் பக்கத்துச் சன்னலைச் சாத்தியேதான் வைப்பாள். "என்னா இரைச்சல்ளா இது! ஒரு நிமிசம் வாய மூடாதா?" என்று கேட்பாள். தோணிக்காரன் பொண்டாட்டிக்குக் கடலைக் கண்டால் பயமாம் என்று தெருப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அவளுக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் சீக்கிரமே ஒரே தலையணையில் தலை வைத்துக் கதை பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டோம்.

அண்ணன் தூத்துக்குடித் தோணியில் போகிறவன். பாய்மரத் தோணி. கொழும்பு, கொச்சி, மாலத்தீவு என்று சரக்கு ஏற்றிப் போவார்கள். தென்மேற்குக் காற்று பிடித்தால் தோணியைக் கரையில் கட்டிவிட்டு வீட்டில் இருப்பான். மற்ற மாதங்களில் நடைக்கும் நடைக்கும் நடுவே நாலைந்து நாள் தலையைக் காட்டுவான். மதினியின் பயத்தைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் அவளுக்கு ஓர் இடம் காட்டுவது என்று வைத்துக்கொண்டான். "கடல எட்ட நின்னு பாத்தா பயமாத்தான் இருக்கும். கிட்டப் போயிப் பழகிட்டா அதுவும் நம்ம வீட்டுக்காரன் மாதிரிதான், கத்துமே தவிர கடிக்காது" என்றான். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகத் திரிந்தால் ஊர் வாயில் விழ வேண்டியிருக்கும் என்று அம்மா என்னையும் கூட அனுப்புவாள். தண்ணீர்க் கூஜாவும் முறுக்குப் பொட்டலமும் என் கையில். அவர்கள் இரண்டு பேரும் முன்னால், நான் பத்தடி பின்னால். வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன். அது கூடவா எனக்குத் தெரியாது!

முதலில் கழிமுகத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கடலுக்கு அலை கிடையாது. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் மணல் திட்டுக்குப் பின்னால் சேர்ந்து கண்ணாடி போலக் கிடக்கும். கணுக்கால் ஆழத்தில் அவளை நிற்க வைத்து, "இதுவும் கடல்தான், பாத்தியா, சத்தம் போடுதா?" என்று கேட்டான். மதினி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள், பிறகு இன்னோர் அடி. மீன்குஞ்சு காலைக் கடித்ததும் போட்டாளே ஒரு கூச்சல்! கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்துவிட்டன. அடுத்த தடவை குகைக் கிணறு. குன்றுக்கு அடியில், கடல் அலை வந்து தொட்டுப் போகிற இடத்தில், பாறைக் குகைக்குள் அந்தக் கிணறு. தண்ணீர் இளநீர் மாதிரி இனிக்கும். மதினி ஒரு வாய் குடித்துவிட்டு நம்பாமல் இன்னொரு வாய் குடித்தாள். அண்ணன் சொன்னான், "தோணியில பீப்பாத் தண்ணி குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப் போவும்ளா. கரை ஏறுனதும் எனக்கு முதல்ல இந்தத் தண்ணிதான் வேணும்." அன்றிலிருந்து அவன் வருகிற நாளில் கூஜாவில் குகைத் தண்ணீர் நிரப்பி வைப்பது மதினியின் வேலை ஆயிற்று. குகைக்குப் போக அலை ஓரமாக நடக்க வேண்டும். பயம் பாதி அதிலேயே போய்விட்டது.

ஒரு தடவை மதினி அவனைத் தேரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடல்காரனுக்குத் தேரி நடை வருமா? செக்கச் சிவந்த மணலில் ஓர் அடி வைத்தால் அரையடி பின்னுக்கு இழுக்கிறது. மதினி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மேட்டில் ஏறி நின்றுகொண்டு, "வாங்க, வாங்க! கடலக் கலக்குன ஆம்பள, இங்கன ஏன் நொண்டுதீக?" என்று கேலி செய்தாள். அண்ணன் வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்து அவள் பக்கத்தில் விழுந்தான். மேட்டு உச்சியிலிருந்து பார்த்தால் நாலா பக்கமும் சிவப்பு, நடுநடுவே பனை, வெகு தூரத்தில் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. "இங்கன இருந்து பாக்கையில கடலும் அழகாத்தான் இருக்கு" என்றாள் மதினி. அண்ணன் ஒரு கைப்பிடி மணலை அள்ளி அவள் சேலையில் வைத்துப் பார்த்தான். அவள் அப்பா மறுவீட்டுக்கு எடுத்துக் கொடுத்த சேலை அது. மண்ணும் சேலையும் ஒரே நிறமாக இருந்தன.

அங்கேதான் அவனுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலைக் கேட்டான். எங்கள் குன்றில் நின்றால் தூத்துக்குடியிலிருந்து தெற்கே போகும் தோணிகளும், முனையைச் சுற்றி வரும் தோணிகளும் கண்ணுக்குத் தெரியும். ஊர்ப் பெண்கள் பாயின் வெட்டையும் நிறத்தையும் பார்த்தே இன்னார் தோணி என்று சொல்லிவிடுவார்கள். மதினிக்கு எல்லாப் பாயும் ஒன்றுதான். அதனால் அவள் சேலையில் ஒரு துண்டு வெட்டித் தன் தோணியின் பாயில், மேல் மூலையில் ஒட்டாகத் தைத்துவிடுவதாகச் சொன்னான். "ஊர் பூரா வெள்ளப் பாய்ல, உன் தேரி மண்ணு மட்டும் சிவப்பாத் தெரியும். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிரலாம் அது நாந்தான்னு." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மறுவீட்டுச் சேலைய வெட்டுதானே, இந்தக் கிறுக்குப் பயலுக்கு என்ன பிடிச்சிருக்கு!" மதினியோ வெட்டுகிற இடத்தில் துணியை இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குன்றைக் கடந்து போகிற தோணி எதுவானாலும், மேலே இருக்கும் சிலுவைக்கு நேராக வரும்போது பாயைக் கொஞ்சம் தாழ்த்தி ஏற்றுவார்கள். கும்பிடு போடுவது அப்படித்தான். ஒரு தடவை தாழ்த்தினால் சிலுவைக்கு. சின்னஞ்சிறுசுகள் சில பேர் இரண்டாவது தடவையும் தாழ்த்துவார்கள், அது குன்றில் தனக்காக ஒருத்தி நிற்கிறாள் என்று அர்த்தம். தண்டல் திட்டுவார், ஆனாலும் விட்டுவிடுவார். தண்டல் என்றால் தோணியின் தலைவர். சிவப்பு ஒட்டு குன்றைக் கடந்த ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை தாழ்ந்து எழுந்தது. மதினி கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு, சேலை முந்தியை எடுத்து ஆட்டு ஆட்டென்று ஆட்டுவாள். கடலைக் கண்டு சன்னலைச் சாத்தினவள்தானா இவள் என்று இருக்கும் எனக்கு. பொறாமையாகக்கூட இருக்கும்.

அந்த ஐப்பசிக் கடைசியில் மாலத்தீவு நடை. கிளம்புகிற அன்று வாசலில் நின்று அண்ணன் சொன்னது இது: "செவ்வாக்கிழமை விடியல்ல பாய் விரிக்கோம். மத்தியானம் போல நம்ம ஊரத் தாண்டுவோம், குன்றுல வந்து நில்லுங்க. திரும்பி வந்ததும் புன்னக்காயலுக்குப் போவோம். ஆறு கடல்ல விழுத எடம் அது, நீ பாக்கணும்." மதினியைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தான். "நீயும்தான். கூஜாவ யாரு தூக்குவா?"

செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சீக்கிரமே சோறு தின்றுவிட்டுக் குன்றேறிவிட்டோம். நல்ல வாடைக் காற்று. கடல் பளபளவென்று கண்ணைக் கூச வைத்தது. கொஞ்ச நேரத்தில் வடக்கே ஒரு பாய் தெரிந்தது. மதினி எழுந்து நின்றாள், கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். தும்பைப்பூப் போன்ற புதுப் பாய், எங்கேயும் ஒட்டுக் கிட்டு ஒன்றும் இல்லை. "நம்ம பாய் இல்லளா" என்று சொல்லிவிட்டு, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வெயில் முகத்தில் அடிக்கிறது என்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோணி சிலுவைக்கு நேரே வந்து பாயைத் தாழ்த்தியது. மறுபடியும் தாழ்த்தியது. கொஞ்ச தூரம் போய் மூன்றாம் தடவையும் தாழ்த்தியது. "மதினி, இங்க பாருங்களேன், அவன் பாட்டுக்குத் தாழ்த்திக்கிட்டே போறான்" என்றேன். அவள் திரும்பாமலே சிரித்தாள். "எவளோ குடுத்துவச்ச மவராசி இங்கன நிக்கா போல. எங்களா, யாரையும் காணுமே?" இரண்டு பேரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். குன்றில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பொழுது சாய்கிற வரை இருந்தோம். சிவப்பு ஒட்டு வரவே இல்லை. கிளம்ப நேரமாகி இருட்டில் தாண்டுவார்களாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இறங்கினோம்.

கார்த்திகையில் புயல் அடித்தது. கரையிலேயே கூரைகள் பறந்தன, நடுக்கடலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. மாலத்தீவுக்குப் போய்த் திரும்பிய வேறு தோணிக்காரர்கள், அண்ணன் போன தோணி அங்கே வந்து சேரவே இல்லை என்றார்கள். எந்தக் கரையிலும் ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. உடம்பு கிடைக்காமல் கடலில் போனவர்களுக்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. பருவம் முடிந்து தோணிகள் எல்லாம் கரையில் கட்டுகிற வரை காத்திருப்போம். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், கோயிலில் ஊருக்குப் பொதுவாக இருக்கும் கறுப்புச் சவப்பெட்டியை, தூம்பா என்போம், வெறுமையாக நடுவில் வைத்துப் பூசை வைப்போம். அதோடு ஆள் போனதாகக் கணக்கு. தை மாசமே அம்மா அழுது ஓய்ந்துவிட்டாள். மதினி அழவே இல்லை. "பாயப் பாக்காம நான் ஒத்துக்கிட மாட்டேன்" என்றாள். தினமும் மத்தியானம் குன்றுக்குப் போவாள். துக்கப்பட வேண்டியவள் இப்படி மலையேறிக்கொண்டு திரிகிறாளே என்று தெருவில் பேசினார்கள். ஒருத்தி என் காது படவே பேசினாள். அவளை நான் ஏசின ஏச்சுக்கு, அதற்கப்புறம் எங்கள் வாசல் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பங்குனியில் ஒரு நாள். நானும் கூட இருந்தேன். தெற்கே முனையைச் சுற்றி ஒரு தோணி வந்தது. பழைய பாய், பழுப்பேறியிருந்தது. மேல் மூலையில் சிவப்பு. மதினி என் தோளைப் பிடித்தாள், நகம் உள்ளே இறங்கியது. "ஏளா, எனக்குத்தான் அப்படித் தெரியுதா? நீ சொல்லு, நீ சொல்லு." எனக்கும் தெரிந்தது. மங்கிப்போயிருந்தாலும் அதே மூலை, அதே சதுரம். யேசுவே, நான் அன்றைக்குப் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். தோணி சிலுவைக்கு நேரே வந்து ஒரே ஒரு தடவை பாயைத் தாழ்த்திவிட்டு வடக்கே போயிற்று. "உடம்பு சரியில்லாம இருப்பாக, அதான் ஒரு தடவையோட விட்டுட்டாக" என்றாள் மதினி. குன்றிலிருந்து அவள் நடந்து இறங்கவில்லை, சறுக்கிக்கொண்டுதான் இறங்கினாள். நேராகக் குகைக்குப் போய்க் கூஜாவை நிரப்பினாள். வீட்டுக்கு வந்து அந்தச் சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவள் தலையில் பூ வைத்துவிட்டாள். மறுநாள் கூஜாவைத் தூக்கிக்கொண்டு, அம்மாவும் நாங்கள் இரண்டு பேருமாக முதல் பஸ்ஸில் திருச்செந்தூர் போய், அங்கிருந்து தூத்துக்குடிக்குப் போனோம். வழி நெடுக உப்பளம், வெயிலில் உப்புக் குவியல்கள். ஒரு தடவை அண்ணன் இந்த அளத்து வரப்பில் எங்களை நடக்க விட்டிருந்தான். "இந்தா, இங்கனதான் அவுக வழுக்கி விழுந்தாக" என்று காட்டிச் சிரித்தாள் மதினி. எத்தனை மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு அது.

பழைய துறைமுகத்தில் அந்தத் தோணி நங்கூரம் போட்டிருந்தது. பாயை இறக்கிச் சுருட்டியிருந்தார்கள், ஒட்டு வெளியே தெரிந்தது. ஆட்கள் சின்ன வள்ளத்தில் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மதினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கடைசியாக இறங்கிய தண்டல் வயசானவர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர். மதினி அவரிடம் போய் அண்ணன் பெயரைச் சொல்லி, "அவுக இன்னும் தோணியிலயா இருக்காக, அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் அவளுடைய சேலையைப் பார்த்தார். திரும்பிச் சுருட்டிக் கிடந்த பாயைப் பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் போன தோணியும் இந்தத் தோணியும் ஒரே முதலாளியுடையவை. மாலத்தீவு தூர நடை என்பதால் அண்ணன் தோணிக்குக் கிளம்புகிற முந்தின நாள் புதுப் பாய் கொடுத்திருக்கிறார்கள். பழைய பாயைக் கொட்டகையில் போட்டுத் தைத்து, மாசியில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொச்சிக்குக் கிளம்பிய இந்தத் தோணிக்கு மாற்றியிருக்கிறார்கள். பாய்கள் இப்படித் தோணி மாறுவது அங்கே அன்றாடம் நடக்கிற சங்கதி, யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. "கிளம்புத அவசரத்துல அந்த ஒட்டப் பிரிச்சுப் புதுப் பாய்ல தைக்க நேரமில்ல தாயி" என்றார் தண்டல். "பாய் தைக்கவன்ட்ட அந்தப் பய சொல்லிட்டுத்தான் போயிருக்கான், இதப் பிரிச்சுப் பத்திரமா வையி, வந்து வாங்கிக்கிடுதேன்னு. துணி நல்லா இழுத்துப் பிடிச்சிருக்குன்னு தைக்கவன் அப்படியே விட்டுட்டான். குன்றுல நிக்குதவளுக்கு அது அடையாளம்னு எனக்குத் தெரியாது தாயி. தெரிஞ்சிருந்தா நான் இந்தப் பாயோட ஒங்க ஊரத் தாண்டியிருப்பனா?" பெரிய மனுஷன், பிள்ளை மாதிரி அழுதார்.

மதினி சுருட்டிக் கிடந்த பாயைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "புதுப் பாயா? அப்போ அன்னைக்குப் போனது அவுகதானாளா?" என்றாள். "மூணு தடவ தாழ்த்துனாகன்னு சொன்னியே. நான் முதுகக் காட்டிக்கிட்டு முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்தேனே. அவுக பாத்துருப்பாகளே. நான் ஏன் திரும்பலன்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பாகளே!" அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். புயல் நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அந்தச் சுமைதூக்கிகள் மத்தியில் அழுதாள். அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டாள். தண்டல் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, மதினியே கூஜாவைத் திறந்து கொடுத்தாள். குகைத் தண்ணீர் முழுவதையும் அவர் குடித்துவிட்டார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் திரும்பிப் போய், பாயிலிருந்து ஒட்டை அறுத்துக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

தூம்பா வைத்துப் பூசை நடந்தது. மதினி முழங்காலில் இருந்து முழுப் பூசையும் கண்டாள். தகப்பன் வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் என்னைக் குன்றுக்குக் கூப்பிட்டாள். அன்றைக்கு எது போனாலும் எழுந்து நின்று முந்தியை ஆட்டினாள். தோணி, கட்டுமரம், வலை இழுக்கிற வள்ளம், எதையும் விடவில்லை. "யாருன்னு தெரிஞ்சா ஆட்டணும்? போறவன் எவனா இருந்தா என்ன" என்றாள். அதுதான் அவள் குன்றேறிய கடைசி நாள். சாத்தான்குளத்தில் அப்பாவின் கருவாட்டுக் கடையில் உட்கார்ந்தாள், கடைசி வரை அங்கேயே இருந்தாள். வேறு கல்யாணம் பற்றிப் பேசியவர்களைக் கடையை விட்டே விரட்டினாள். நான் போகும்போதெல்லாம் கடலைத் தவிர எல்லாவற்றையும் பேசுவோம். புன்னக்காயலுக்கு அவள் போகவில்லை. ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான், நானும் இந்த வயது வரை போகவில்லை. மலருக்கு எழுதிக் கொடுத்ததில் அந்த இடம் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

போன வருஷம் மதினி போய்ச் சேர்ந்தாள். அவள் தம்பி மகள் இந்தச் சேலையை என்னிடம் கொடுத்தாள், அத்தை உங்களுக்குத்தான் வைத்திருந்தாள் என்று. பாயில் கிடந்து வெயிலும் உப்பும் தின்ற துண்டு வெளிறிச் சுரசுரவென்று இருக்கிறது. உள்ளே மடித்து வைத்த சேலை அப்படியே தேரிச் சிவப்பில் இருக்கிறது. நேற்று இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு குன்றேறினேன். மூட்டு வலியோடு ஏறி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மேலே வெளியூர்ப் பிள்ளைகள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் சுவரோரம், அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். பாய்மரம் எல்லாம் இப்போது ஏது? ஒரு மோட்டார் வள்ளம்தான் தெற்கே போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்று சேலையைப் பிரித்து ஆட்டினேன். வெட்டுப்பட்ட மூலை காற்றில் படபடத்தது. பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். வள்ளத்தில் நின்றவன் யாரோ எவனோ, கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதிலுக்குக் கையைத் தூக்கி ஆட்டினான். என் அண்ணனுக்கு அன்றைக்கு இது ஒன்றுதான் கிடைக்கவில்லை.